சாரல் மாதங்களில்தான் செம்பருத்திக்குத் தாகம் அதிகம்

"அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் வீடு. சுற்றுச்சுவரை ஒட்டி 30 அடி நீளத்துக்குச் செம்பருத்தி வேலி. வைத்து 4 வருஷம் ஆகிறது, இடுப்புக்கு மேல் வளர்ந்துவிட்டது. தினமும் சாயங்காலம் ஓஸ் பிடித்து ஐந்து நிமிஷம் தண்ணீர் விடுகிறேன். சித்திரை வெயிலில்கூட நன்றாகப் பூத்தது. ஆனி பிறந்ததிலிருந்து மொட்டெல்லாம் கொட்டுகிறது, இலையும் வெளுக்கிறது. தண்ணீர் கூடிப்போச்சா, குறைஞ்சுபோச்சா? வருஷம் முழுக்க எப்படி விடுவது?" தம்பி கேட்டது இவ்வளவுதான். நான் முன்னீர்பள்ளம் பக்கம் சின்னதாக ஒரு நாற்றுப் பண்ணை வைத்திருப்பவன். இதே கேள்வி ஒவ்வொரு ஆடியிலும் நாலைந்து பேரிடமிருந்து வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் குறைவு. தினமும் விடுகிறீர்கள், ஆனால் செடிக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். இலை வெளுப்பதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்கும். அது பெரும்பாலும் உங்கள் வீட்டுப் போர் தண்ணீர்தான், பின்னால் வருகிறேன்.

முதலில் இந்த ஆனி, ஆடி விஷயம். திருநெல்வேலிக்காரர்களுக்கு சாரல் என்றதும் குற்றாலம் ஞாபகம் வரும், மனசு குளிர்ந்துவிடும். வெயிலும் தணிந்திருக்கும், மேகம் ஓடிக்கொண்டே இருக்கும், சட்டையில் நாலு துளி விழும். "அதான் சாரல் போடுதே, செடிக்குத் தண்ணி எதுக்கு" என்று கை தானாகவே சுருங்கிவிடும். ஆனால் தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டிவிட்டு, ஈரத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருகிறது. ஆரியங்காவு கணவாய் வழியாகச் செங்கோட்டை, தென்காசி வரைக்கும் சாரலாக வருவது, பாளையங்கோட்டைக்கு வரும்போது வெறும் காற்று. ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்று மாதமும் சேர்த்து நம் ஊரில் பெய்வது சில சென்டிமீட்டர்தான். கயத்தாறிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகளை நட்டது சும்மாவா? ஆனியிலிருந்து ஆவணி வரை அந்தக் காற்றாடிகள் சுற்றும் நாட்கள் எல்லாம் உங்கள் வேலி உலரும் நாட்கள்.

துணி காயப் போட்டுப் பார்த்தாலே தெரியும். சித்திரையில் காற்றில்லாத வெயிலில் போட்ட வேட்டியைவிட ஆடிக் காற்றில் போட்ட வேட்டி சீக்கிரம் காய்ந்துவிடும். இலைக்கும் அதே கதைதான். காற்று அசையாத நேரத்தில் இலையைச் சுற்றி ஈரமான காற்று ஒரு மெல்லிய போர்வை மாதிரி நிற்கும். அது இருக்கும் வரை இலை மெதுவாகத்தான் நீரை விடும். ஆடிக் காற்று அந்தப் போர்வையை ஓயாமல் உருவிக்கொண்டே இருக்கிறது. செம்பருத்தி இலை அகலம், மெல்லிசு. அரளி இலை மாதிரித் தோல் தடித்தது இல்லை. வேர் உறிஞ்சுகிற வேகத்தைவிட இலை விடுகிற வேகம் கூடினால், செடி எதையாவது கைகழுவியாக வேண்டும். முதலில் கைகழுவுவது மொட்டை.

கீழே விழுந்த மொட்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பூக்காம்பில், மேல் பக்கமாக, ஒரு சின்ன முட்டி மாதிரிக் கணு இருக்கும். தண்ணீர்த் தட்டுப்பாட்டில் கொட்டும் மொட்டு பெரும்பாலும் அந்தக் கணுவிலேயே, கத்தியால் நறுக்கினாற்போலச் சுத்தமாகக் கழன்றிருக்கும். மொட்டு பச்சையாகவோ லேசான மஞ்சளாகவோ இருக்கும். இப்போது நகத்தால் அதைக் கிள்ளிப் பிரித்துப் பாருங்கள். உள்ளே இதழ் சுருட்டு சுத்தமாக இருந்தால் கோளாறு தண்ணீரில்தான். உள்ளே வெள்ளையாகக் குட்டிப் புழு நெளிந்தாலோ, இதழ் அழுகிக் கறுத்திருந்தாலோ அது பூச்சி. அப்போது நான் சொல்லும் தண்ணீர்க் கணக்கு உதவாது. விழுந்த மொட்டை எல்லாம் பொறுக்கி வெயிலில் காயவைத்து எரிப்பதுதான் முதல் வேலை. தரையிலேயே விட்டால் புழு மண்ணுக்குள் இறங்கி அடுத்த தலைமுறையாக மேலே வரும்.

இனி உங்கள் ஐந்து நிமிஷக் கணக்கைப் பார்ப்போம். ஒரு வாளியை ஓஸுக்கு அடியில் வைத்து, எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பாருங்கள். மாடித் தொட்டியிலிருந்து வரும் சாதாரண அரை இஞ்சுக் குழாயில் நிமிஷத்துக்கு 8 லிட்டர் வந்தால் நல்ல வரத்து. ஐந்து நிமிஷத்துக்கு 40 லிட்டர். பெருவிரலால் ஓஸ் முனையை அழுத்திப் பீய்ச்சினால் அதில் பாதி இலையிலும் சுவரிலும் போய்விடும். மண்ணுக்கு 20 லிட்டர். வேலியின் வேர் பரவியிருக்கும் இடம் 30 அடி நீளம், 3 அடி அகலம் என்று வையுங்கள், 90 சதுர அடி. அதாவது எட்டு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். அப்படியானால் நீங்கள் தினமும் பெய்வது இரண்டரை மில்லிமீட்டர் மழை! காற்றடிக்கும் நாளில் வேலி குடிப்பது அதைப்போல இரண்டு பங்குக்கு மேல். நீங்கள் விட்டது மேல் மண்ணில் இரண்டு விரல்கடை நனைத்துவிட்டு, மறுநாள் பத்து மணிக்குள் காற்றோடு போய்விடும். பார்க்கிறவர் கண்ணுக்குத் தரை ஈரம், செடிக்கு வறட்சி.

இன்னொரு கெடுதலும் உண்டு. தினமும் மேலாக நனைத்தால் வேர் மேலேயே சுற்றும். கீழே ஈரம் இல்லாதபோது அது எதற்கு இறங்கப் போகிறது? பிறகு ஒருநாள் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால் வேலி துவண்டு நிற்கும். எனக்கே இது நடந்திருக்கிறது. பண்ணை வைத்த புதிதில் வீட்டு முன்னால் ஒரு செம்பருத்தி வரிசை போட்டேன். காலையில் பூவாளியால் பூப்போல ஊற்றுவேன், அதில் ஒரு பெருமை வேறு. ஓர் ஆடி மாதம், அமாவாசைக்குப் பாபநாசம் போய்க் குளித்துவிட்டு, அப்படியே மைனி வீட்டில் மூன்று நாள் தங்கிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் தரை முழுக்க மொட்டு. ஒரு தூரை மம்பட்டியால் ஓரமாகத் தோண்டினேன். மேல் நாலு விரல்கடை மண்ணில் தலைமுடி மாதிரி வேர் பின்னிக் கிடந்தது. அதற்குக் கீழே செம்மண் சுட்ட செங்கல் மாதிரி இருந்தது, மம்பட்டி ணங் என்றது. நாலு வருஷமாகத் தண்ணீர் ஊற்றிய இடம் அது!

ஆகவே முறை இதுதான்: எப்போதாவது, ஆனால் நிறைய. உங்கள் 30 அடிக்கு ஒரு தடவைக்கு 200 லிட்டர், பிளாஸ்டிக் குடத்தில் 13, 14 குடம். இது ஓர் இஞ்சு மழைக்குச் சமம். தூரில் ஊற்றாதீர்கள். சுவருக்கு எதிர்ப் பக்கமாக, தூரிலிருந்து ஓர் அடி தள்ளி, வேலி நீளத்துக்கும் அரை அடி அகலத்தில் ஒரு வாய்க்கால் கொத்துங்கள். ஆழம் ஒரு சாண் வேண்டாம், நாலு விரல்கடை போதும். வேரை வெட்டிவிடக் கூடாது. குடிக்கிற வேர் நுனியெல்லாம் தூருக்கு வெளியே, இலை விரிந்திருக்கும் எல்லைக்குக் கீழேதான் இருக்கும். தூரில் தண்ணீர் நின்றால் பட்டை அழுகும், அவ்வளவுதான் பலன். ஓஸை வாய்க்காலின் மேட்டு முனையில் போட்டுவிட்டு, குழாயை முழுக்கத் திறந்து, 25 நிமிஷம் வேறு வேலை பாருங்கள். நடுவில் இரண்டு இடத்தில் மண்ணால் மடை கட்டினால் தண்ணீர் ஒரே கோடிக்கு ஓடாது.

காய்ந்து இறுகிய செம்மண்ணுக்கு ஒரு குணம் உண்டு, முதல் தண்ணீரை ஏற்காது. எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றினாற்போல வழிந்து தெருவுக்குப் போகும். அதனால் முதலில் ஐந்து நிமிஷம் நனைத்துவிட்டு, அரை மணி நேரம் விட்டு, பிறகு மிச்சத்தை விடுங்கள். முதல் ஓட்டம் மண்ணின் வாயைத் திறக்கும், இரண்டாவதுதான் இறங்கும்.

எவ்வளவு இறங்கியது என்று பார்க்க ஒரு கம்பி போதும். கட்டடம் கட்டியபோது மிஞ்சிய எட்டு மில்லிமீட்டர்க் கம்பித் துண்டு எல்லார் வீட்டு மாடியிலும் கிடக்கும். தண்ணீர் விட்ட மறுநாள் காலையில் அதை வாய்க்கால் ஓரத்தில் கையால் அழுத்துங்கள், தட்டக் கூடாது. ஈரம் இருக்கும் வரை சரசரவென்று இறங்கும், காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். ஓர் அடிக்கு மேல் இறங்கினால் சரி. அரை அடியில் நின்றால் அடுத்த தடவை கூட்டுங்கள். அடுத்து எப்போது விடுவது என்பதற்கும் இதே கம்பிதான். அரை அடி ஆழத்து மண்ணைக் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். கொழுக்கட்டை மாதிரிப் பிடிபட்டால் இன்னும் பொறுக்கலாம். பொலபொலவென்று உதிர்ந்தால் அன்றைக்கே விட வேண்டும். சொட்டுநீர் போட்டிருப்பவர்கள், செடிக்கு இரண்டு சொட்டுவான், மணிக்கு 4 லிட்டர் வீதம் என்றால், 12 செடிக்கு மணிக்கு 96 லிட்டர் என்று கணக்குப் போட்டு இரண்டு மணி நேரம் ஓட விடலாம். தினமும் பத்து நிமிஷம் ஓடவிடுவது, உங்கள் ஐந்து நிமிஷ ஓஸின் இன்னொரு வடிவம்தான்.

மண் மாறினால் கணக்கு மாறும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் தண்ணீர் நிற்காது, பாதி அளவை இரண்டு நாளைக்கு ஒருதரம் கொடுக்க வேண்டும். கோவில்பட்டிப் பக்கக் கரிசல் நேர் எதிர். 300 லிட்டர் மெதுவாகக் கொடுத்தால் எட்டு, பத்து நாள் தாங்கும். அவசரப்பட்டால் வேர் மூச்சுமுட்டும். பாளையங்கோட்டை, பெருமாள்புரப் பக்கம் பெரும்பாலும் செம்மண், அதில் வீடு கட்டிய இடிபாடும் ஜல்லியும் கலந்திருக்கும். உங்கள் வேலிக்கு நான் சொல்வது அந்த மண்ணுக்கு.

வருஷத்தை இப்போதிருந்தே தொடங்குவோம். ஆனி, ஆடி, ஆவணி மூன்றிலும் மூன்று அல்லது நாலு நாளைக்கு ஒருதரம் 200 லிட்டர். காற்று சுழற்றியடிக்கும் வாரத்தில் மூன்று நாள், அடங்கிய வாரத்தில் நாலு. விடியற்காலையில் விடுங்கள், ஏழு மணிக்குள் முடித்தால் காற்று எழும் முன்னால் மண் குடித்துவிடும். சாரல் விழுந்ததே என்று கணக்கில் கழிக்காதீர்கள். இரண்டு மில்லிமீட்டர் தூறல் முழுக்க இலையிலேயே நின்று ஆவியாகிவிடும். அதிலும் உங்கள் வேலி சுவருக்குக் கிழக்கே இருந்தால், மேற்கிலிருந்து சாய்ந்து வரும் தூறலைச் சுவரே தடுத்துவிடும், தூரில் ஒரு பொட்டு விழாது. மத்தியானம் இரண்டு மணிக்கு இலை தொங்குவதைப் பார்த்து ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அந்த நேரத்தில் தொங்குவது சகஜம், அந்தி சாயும்போது நிமிர்ந்துவிடும். காலை ஆறு மணிக்கும் தொங்கிக் கிடந்தால்தான் அவசரம். அப்போதும் முதலில் கம்பியைக் குத்திப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தும் காலையில் துவண்டிருந்தால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் தண்ணீர் விட்டால் செடி போச்சு.

புரட்டாசியில் காற்று ஓயும், புழுக்கம் வரும். நாலு, ஐந்து நாளைக்கு ஒருதரம் போதும். புது வேலி நட இதுதான் மாதம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று கிளம்பி, ஆடியில் செம்பருத்திக் குச்சியை ஊன்றுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. வேர் விடாத குச்சியை அந்தக் காற்றில் நிறுத்துவது, பச்சைப் பிள்ளையைத் திண்ணையில் போட்டுவிட்டுப் போகிற மாதிரி. ஆற்றுப் பாசனத்தில் கார் சாகுபடி செய்கிறவர்களுக்குப் பாபநாசம் அணைத் தண்ணீர் இருக்கிறது, அவர்கள் கதை வேறு. மானாவாரிக் கரிசல்காரர் புரட்டாசிப் பட்டத்துக்குத்தான் காத்திருப்பார், மேலே வரும் மழை அவருக்குத் தெரியும். வேலிக்கும் அவர் வழிதான் நல்லது. புதுச் செடிக்கு முதல் இரண்டு மாதம் ஒவ்வொன்றுக்கும் 4, 5 லிட்டர், ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு இடைவெளியை மெல்ல நீட்டுங்கள். முதல் வருஷம் முடியும்போது பெரிய செடியின் கணக்குக்கு வந்துவிட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும் என்பது வழக்கமான கணக்கு. நம் மாவட்டத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான். இந்த இரண்டு மாதமும் ஓஸைச் சுருட்டி வைத்துவிடலாம். நேர்ச் சுவருள்ள பழைய டப்பா ஒன்றை மொட்டை மாடியில் வைத்து, அதில் எத்தனை மில்லிமீட்டர் நின்றது என்று அளவுகோலால் பாருங்கள். 25 மில்லிமீட்டர் நின்றால் நீங்கள் ஒரு தடவை தண்ணீர் விட்டதாக அர்த்தம். மழை இல்லாமல் ஒரு வாரம், பத்து நாள் ஓடினால் மட்டும் ஒருதரம் விடுங்கள்.

இந்தக் காலத்தில் வேலை தண்ணீர் விடுவது கிடையாது, வடிப்பதுதான். காற்றுக் காலத்தில் கொத்திய வாய்க்காலின் தாழ்ந்த முனையை உடைத்து வெளியே ஒரு போக்கு வெட்டுங்கள். தூரில் மண் அணைத்து மேடாக்குங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையை நம் ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு என்னிடம் வந்த பாதிச் செடிகள் வெள்ளத்தில் சாகவில்லை, அதற்கப்புறம் இரண்டு வாரத்தில் செத்தன. தண்ணீர் மண்ணில் இருக்கும் காற்றை எல்லாம் வெளியேற்றிவிடும். வேர் இரண்டு, மூன்று நாளில் கறுக்கத் தொடங்கும். மேலே இலை வாடும். வாடுகிறதே என்று வீட்டுக்காரர் இன்னும் தண்ணீர் ஊற்றுவார். அப்படி ஆன செடிக்குக் கிளையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, மேல் மண்ணைக் களைக்கொத்தால் லேசாகக் கிளறிக் காற்றோட்டம் கொடுத்து, மண் பிடிபடும் பதம் வரும் வரை ஒரு சொட்டும் விடாமல் இருக்க வேண்டும். பாதிக்குப் பாதி பிழைக்கும்.

மார்கழி, தை இரண்டும் எளிது. எட்டு முதல் பத்து நாளைக்கு ஒருதரம் 200 லிட்டர். பனியில் மேல் மண் எப்போதும் ஈரமாகத் தெரியும், அதில் ஏமாந்து மாசி வரை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கம்பி ஏமாறாது. மாலை நேரத்தில் இலையை நனைக்காதீர்கள், இரவெல்லாம் ஈரம் நின்று இலைப்புள்ளி வரும். பொங்கல் கழிந்ததும் ஒரு வெட்டு வெட்டிவிடுங்கள், கால் பங்கு உயரம் குறையட்டும். செம்பருத்தி புதுத் துளிரில்தான் பூக்கும், வெட்டியது மாசியில் தழைத்துப் பங்குனியில் பூ கொடுக்கும். இலை குறைந்தால் தண்ணீர்த் தேவையும் குறையும் என்பதால், வெட்டிய பிறகு துளிர் ஒரு விரல் நீளம் வரும் வரை வழக்கமான அளவில் பாதி போதும்.

பங்குனியிலிருந்து வைகாசி வரை நாலு நாளைக்கு ஒருதரம். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் நம் ஊருக்குப் புதிதில்லை, ஆனாலும் காற்று அடங்கியிருப்பதாலும் நடுநடுவே கோடை மழை இறங்குவதாலும் செடி சமாளித்துக்கொள்ளும். உங்கள் வேலி சித்திரையில் பூத்ததும் ஆனியில் கொட்டியதும் அதனால்தான். இந்தக் காலத்தில் இரண்டு விஷயம் கவனியுங்கள். மேற்கு வெயிலை வாங்கும் சிமெண்டுச் சுவர் ராத்திரி எட்டு மணிக்குக்கூடக் கொதிக்கும், சுவரோரச் செடிகளுக்கு ஒரு குடம் கூடுதலாகவே ஊற்றுங்கள். மாடித் தொட்டியிலிருந்தும் வெயிலில் கிடந்த ஓஸிலிருந்தும் பிற்பகலில் வரும் முதல் தண்ணீர் கை வைக்க முடியாத சூடு, அதைச் செடிக்குக் காட்டாமல் வாசலுக்கு விடுங்கள். காலையில் விட்டால் இந்தத் தொல்லையே இல்லை. மாவுப்பூச்சி ஏறுவதும் இந்தக் காய்ச்சலில்தான். பெருவிரல் அழுத்திப் பீய்ச்சும் உங்கள் வித்தையை இதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருநாள் காலையில், இலையின் அடிப்பக்கத்தில், வேகமாக அடித்தால் பாதிப் பூச்சி கழன்றுவிடும்.

இப்போது இலை வெளுப்புக்கு வருகிறேன். எந்த இலை என்று பாருங்கள். அடியில் இருக்கும் முற்றிய இலை நாலைந்து மஞ்சளாகி விழுந்தால் அது வயசு, விடுங்கள். கிளை நுனியில் இருக்கும் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. நம் ஊர்ப் போர் தண்ணீரில் இது சர்வ சாதாரணம். குழாய் முனையில் வெள்ளையாகக் காறைக் கட்டுகிறதா? சோப்பு நுரைக்க அடம்பிடிக்கிறதா? அப்படியென்றால் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அந்தத் தண்ணீரை வருஷக்கணக்கில் விட்டால் மண் காரத்தன்மை ஏறும். மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் கரையாது, வேரால் எடுக்க முடியாது. சுவர்ப் பூச்சிலிருந்து கரைந்து வரும் சுண்ணாம்பும் இதற்குக் கைகொடுக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது இங்கேயும் கெடுதல்தான். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அதிலிருந்த உப்பு மேல் மண்ணில் வெள்ளைப் பொருக்காகத் தங்கிவிடும். ஆழமாக விடும்போது அந்த உப்பில் ஒரு பங்கு வேருக்குக் கீழே கழுவிக்கொண்டு போகும். மிச்சத்தை ஐப்பசி மழை கழுவும்.

உடனடி வைத்தியம் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட்டு உப்பு. உரக்கடையில் கேட்டால் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, வெயில் ஏறும் முன்னால் இளம் இலைகளில் இரண்டு பக்கமும் படும்படி தெளியுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. கூடுதலாகப் போட்டால் இலை கருகும், அதனால் ஒரு கிளையில் தெளித்து ஒருநாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். சுவரிலும் டைல்ஸிலும் பட்டால் துருக் கறை, லேசில் போகாது. என் வீட்டு வாசலில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது, வீட்டம்மாவின் பேச்சும் இன்னும் இருக்கிறது. நிரந்தர வைத்தியம் மக்கிய தொழு உரம். வருஷம் இருமுறை, வாய்க்காலில், செடிக்கு ஒரு சட்டி.

முடிந்தால் ஆற்றுத் தண்ணீரை வாரம் இரண்டு குடமாவது இதற்கு ஒதுக்குங்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் குடிக்கவே எண்ணித்தானே வருகிறது. அதற்குப் பதில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள், அதில் உப்பே கிடையாது. கோடையில் ஒரு ராத்திரிக்கு ஒரு வாளி சேரும் வீடுகள் உண்டு. அரிசி கழுவிய கழுநீரும் நல்லது. குடிநீர் சுத்திகரிக்கும் கருவி வெளியே தள்ளுகிற தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம், குழாய்த் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கும். துணி துவைத்த தண்ணீரும் வேண்டாம்.

நான் சொன்ன நாள் கணக்கை நீட்ட ஒரே வழி மூடாக்கு. நம் ஊரில் கதம்பைக்கு, அதாவது தேங்காய் உரித்த மட்டைக்குப் பஞ்சமா? வாய்க்காலில் கதம்பையைக் குழிப் பக்கம் மேலே பார்த்தபடி நெருக்கமாக அடுக்கி, மேலே வாழைச் சருகைப் பரப்பிவிடுங்கள். குழியில் தண்ணீர் தங்கிக் கதம்பை ஊறும், பிறகு மெல்ல மெல்ல மண்ணுக்குக் கொடுக்கும். ஆடிக் காற்றுக்குச் சருகு பறக்கும், மேலே நாலு பனை மட்டையைப் பாரமாக வையுங்கள். தூரைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்கட்டும், அங்கே சருகு குவிந்தால் கரையானுக்கு வீடு. மூடாக்கு போட்ட என் வரிசை ஆடியில் நாலு நாளுக்குப் பதில் ஆறு நாள் தாங்குகிறது. மழைக்கு முன்னால் சருகை மட்டும் ஒதுக்கிவிடுவேன்.

இதே கணக்கை மற்ற வேலிப் பூக்களுக்கு அப்படியே போடாதீர்கள். அரளி இதில் பாதித் தண்ணீரில் பூக்கும், நாலுவழிச் சாலை நடுவில் நிற்பதைப் பார்க்கிறீர்களே. ஆனால் பிள்ளைகளும் ஆடும் உள்ள வீட்டில் அதை வைக்க நான் சொல்ல மாட்டேன், முழுச் செடியும் விஷம். காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால்தான் பூவே வரும், தாராளமாக விட்டால் இலையாகத் தள்ளும். இட்லிப்பூவுக்குச் செம்பருத்தி அளவு தண்ணீர் வேண்டும், போர் தண்ணீரில் அதைவிடச் சீக்கிரம் வெளுக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: மண் ரொம்ப நாளாக அடியில் காய்ந்திருப்பதால் முதல் தடவை மட்டும் 400 லிட்டர், இரண்டு காலையில் பிரித்து விடுங்கள். அதற்கப்புறம் மூன்று நாள் ஓஸைத் தொடாதீர்கள், நாலாம் நாள் கம்பி. இருக்கிற மொட்டில் கொஞ்சம் இன்னும் கொட்டும், ஏற்கெனவே கழலத் தீர்மானித்த மொட்டைத் தண்ணீர் ஒட்டவைக்காது. புதிதாக அரும்பும் மொட்டு மிளகு அளவிலிருந்து கடலை அளவு தாண்டியும் நிற்கிறதா என்று பாருங்கள். அது நின்றால் மூன்று, நாலு வாரத்தில் பூ. அதற்குப் பிறகும் கொட்டினால், கொட்டிய மொட்டில் ஐந்தைப் பிளந்து உள்பக்கம் தெரியும்படியும், நுனி இலை ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நரம்பு தெரியும்படியும் படம் எடுத்து அனுப்புங்கள்.